கொடியில் காய்ந்த ஒன்பது

எங்கள் ஊரில் ஒரு பையன் ஏறுகிறானா இறங்குகிறானா என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. அவன் வீட்டுத் துணிக்கொடியைப் பார்த்தால் போதும்.

பெரம்பலூர்ப் பக்கத்துக் குன்னத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பி விளைகிற ஊர். அங்கே ஒரு வாலிபால் கிளப் இருக்கிறது. பெரியவர்கள் ஆடுவது ஏ டீம். வெளியூர்களுக்குப் போய்க் கோப்பை கொண்டுவருவது அவர்கள்தான். இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட பையன்கள் பன்னிரண்டு பேர் பி டீம். அவர்களுடைய பனியன்களில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் இருக்கும். மற்ற ஊர்களில் ஒருவனுக்கு ஓர் எண் கிடைத்தால் கடைசிவரை அது அவனுடையது. எங்கள் ஊரில் ஒவ்வொரு காணும் பொங்கலன்றும் எல்லாப் பனியன்களையும் திரும்ப வாங்கிவிடுவார்கள். யார் எவ்வளவு தேறுவான் என்று பார்த்து மறுபடி கொடுப்பார்கள். ஒன்று வாங்கியவன் அந்த வருடமே ஏ டீமோடு சேர்ந்து ஆடுவான். பன்னிரண்டு வாங்கியவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று பொருள். போன வருடம் மூன்று வாங்கியவன் இந்த வருடம் எட்டு வாங்கினால், மறுநாள் காலையில் அவன் அம்மா துணி துவைத்ததும் தெருவுக்கே தெரிந்துவிடும்.

தாய்மார்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. எண் ஏறினால் பனியனைத் தெருப்பக்கம் பார்த்துக் காயப்போடுவார்கள். இறங்கினால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுவார்கள். எங்கள் எதிர்வீட்டு அக்கா ஒரு வருடம் முழுக்க மகனின் பனியன்மேல் போர்வையைப் போட்டே காய வைத்தாள். போர்வை இருக்கிறது என்றாலே பத்துக்கு மேல் என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டோம்.

இந்த எண்களை எல்லாம் கொடுத்தவர் ஒரே ஆள். ஊரே அவரைச் செட்டர் என்றுதான் கூப்பிட்டது. வலைக்குப் பக்கத்தில் நின்று, மற்றவன் ஓங்கி அடிப்பதற்காகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவனுக்கு அந்தப் பெயர். ஏ டீமில் அவர் பல வருடம் செய்தது அதைத்தான். பிழைப்புக்கு ஈ.பி.யில் லைன்மேன். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை நான் எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதை ஊர் நடுவில் நின்று அவரே சொல்லிவிட்டார். இப்போது ரிட்டையராகி மகளோடு திருச்சியில் இருக்கிறார்.

உயரம் கிடையாது. ஒல்லி. வலது கை சுண்டுவிரல் வளைந்து, எப்போதும் அதில் ஒரு வெள்ளை டேப் சுற்றியிருக்கும். பேசும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். அம்மா அதை வெட்கம் என்று நினைத்திருந்தாள். மைதானத்திலும் அவர் அப்படித்தான் என்பது எனக்குத் தம்பி சொல்லித்தான் தெரியும். ஊரே பந்தோடு சேர்ந்து தலையைத் திருப்பும்போது அவர் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். "எகிறும்போது எல்லாவனும் நல்லாத்தான் எகிறுவான். எறங்கும்போது பாக்கணும்" என்பாராம்.

கம்பத்தில் ஏறி வேலை பார்த்து இறங்கினால், பக்கத்தில் எந்த வீடு இருக்கிறதோ அங்கே தண்ணீர் கேட்பார். சாதி பார்த்து, சொந்தம் பார்த்துக் கேட்டதில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே ஒரு கம்பம் இருந்ததால் மாதத்துக்கு ஒரு தடவையாவது "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி" என்ற குரல் கேட்கும். அம்மா சொம்பு நிறையக் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

ஆனால் ஊர் அவரை மதித்ததும், அவரிடம் கொஞ்சம் பயந்ததும் வேறொரு பழக்கத்துக்காக. அவர் தப்புச் செய்தால் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கண்டுபிடித்திருக்கவும் மாட்டார்கள். ஒரு கல்யாணத்தில் பந்தி நடக்கும்போது கரண்ட் போய்விட்டது. எல்லோரும் வழக்கம்போல ஈ.பி.யைத் திட்டிவிட்டு இலையில் கவனமாக இருந்தோம். வியர்க்க விறுவிறுக்கச் செட்டர் வந்து பந்தி நடுவில் நின்றார். "கரண்டு தானாப் போவல. பக்கத்துத் தெரு லைன நிறுத்துறதுக்குப் பதிலா இத நிறுத்திட்டேன். இப்ப வந்துடும்" என்றார். கல்யாணப் பெண்ணின் அப்பா, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். செட்டரின் மனைவி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "இந்த மனுசன் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டாரு. தப்பு பண்ணிட்டா ஊரக் கூட்டிச் சொன்னாத்தான் இவருக்குச் சோறு எறங்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

காணும் பொங்கலிலும் அதே கதைதான். மேட்ச் முடிந்து பொழுது சாயும் நேரத்தில் பன்னிரண்டு பனியன்களும் ஓர் அன்னக்கூடைக்குள் வந்துவிடும். பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வாயில் எச்சில் ஊறாது அவர்களுக்கு. செட்டர் கூடையை உடனே தொட மாட்டார். போன வருடம் தான் எங்கே தப்பாகப் பார்த்தேன் என்பதை முதலில் சொல்வார்.

"போன வருசம் சாதிக்க ஆறுல வெச்சேன். அது தப்பு. அவன் சர்வீஸ நான் ஒழுங்காப் பாக்கல. மூணுல வெச்சிருக்கணும். செந்திலு ரெண்டுன்னு சொன்னேன். அவங்கப்பா நமக்கு வல வாங்கிக் குடுத்தாரு, அந்த நெனப்புல குடுத்துட்டேன். அதுவும் தப்பு."

செந்திலின் அப்பா அங்கேயே நின்றுகொண்டிருப்பார். யாரும் சிரிக்க மாட்டார்கள். அப்புறம்தான் கூடைக்குள் கை போகும். பன்னிரண்டில் தொடங்கி ஒன்றில் முடிப்பார். தன்னுடைய போன வருடத்துத் தப்பையே இப்படி உடைத்துப் போடுகிறவர் இந்த வருடம் கொடுக்கிற எண்ணை யாரால் குறை சொல்ல முடியும்? அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊர் நம்பியது அதனால்தான். ஒருமுறை ஒரு பையனின் அம்மா நாட்டுக்கோழி ஒன்றைக் கொண்டுபோய் அவர் வீட்டில் விட்டாள். அவர் அதை அடித்துக் குழம்பு வைத்து பி டீம் முழுக்கக் கூப்பிட்டுச் சோறு போட்டார். காணும் பொங்கலன்று அவள் பையனிடம் பனியனைக் கொடுத்துவிட்டு, "கோழி நல்லா இருந்துச்சு. நம்பரு அதேதான்" என்றார்.

அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் கம்பெனி ஒன்று தன் டீமுக்கு ஆள் எடுக்கச் சித்திரையில் எங்கள் ஊருக்கு வரும். எடுத்தால் விளையாட்டோடு நிரந்தர வேலை. இருபத்தொரு வயது தாண்டியவனைத் தொட மாட்டார்கள். வருகிறவர்கள் பெரிதாகச் சோதிப்பதும் இல்லை. செட்டர் யாருக்கு ஒன்று கொடுத்திருக்கிறார் என்று கேட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் எண்ணுக்கு அவ்வளவு மதிப்பு.

என் தம்பி மணிவேல் பி டீமில் சேர்ந்தபோது பதினொன்று. அடுத்த வருடம் ஆறு. அதற்கு அடுத்த வருடம் ஒன்று. அந்த ஒன்றை அவர் கொடுத்தபோது எங்கள் வீட்டில் நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்பா இல்லாத வீடு. அம்மா பருத்தி எடுக்கப் போய்த்தான் எங்களை வளர்த்தாள். பனியன் அழுக்காகியிருக்காவிட்டாலும் துவைத்தாள். தெருப்பக்கம் பார்த்து அதைக் கொடியில் போட்டுவிட்டு, வேண்டுமென்றே வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். போகிறவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். கம்பெனி அந்த வருடம் மட்டும் ஆள் எடுக்கவில்லை. அடுத்த வருடம் கட்டாயம் என்று சொல்லி அனுப்பினார்கள். மணிக்கு வயது இருந்தது. நாங்கள் கவலைப்படவில்லை.

அந்த வருடம் முழுக்க அவன் ஏ டீமில் ஆடினான். செட்டர் தூக்க, இவன் அடிக்க, கோடையில் போன இடமெல்லாம் ஜெயித்தார்கள். ஊரே இவர்கள் இருவரையும் ஒரே ஆளாகப் பேசியது. அந்த வெயில் காலத்தோடு செட்டர் ஆடுவதை நிறுத்திக்கொண்டார். வயதாகிவிட்டது என்றார்.

அடுத்த காணும் பொங்கலில் வழக்கம்போலத் தன் தப்புகளைச் சொன்னார். பிறகு பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று கொடுத்துக்கொண்டு வந்தார். ஒன்பதை எடுத்ததும் கொஞ்சம் நின்றார். "மணிவேலு" என்றார்.

ஒன்று சாதிக்குக்குப் போனது. பக்கத்து லப்பைக்குடிக்காட்டுப் பையன், மணியின் கூட்டாளி. அவன் அந்தப் பனியனை வாங்கும்போது மணியைப் பார்த்துக்கொண்டே வாங்கினானாம்.

அம்மா அன்றைக்கே செட்டர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். உள்ளே வரச் சொன்னார். அம்மா வாசற்படியிலேயே நின்றாள்.

"எம்புள்ளைய ஏண்ணே எறக்குனீங்க?"

"வலது முட்டி போயிருக்கு தங்கச்சி. எடது கால்லயேதான் எறங்குறான். வெளிய காட்டாம மறைக்கிறான்."

"சித்திர வரைக்கும் பொறுத்துச் சொன்னா ஆவாதா? இந்த வருசம் வுட்டா அவனுக்கு வயசு போயிடும். ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"நான் ஒண்ணுன்னா அவங்க ஓடவெச்சுக்கூடப் பாக்காம எடுத்துக்குவாங்க. அங்க போயி ரெண்டே மாசத்துல முட்டிய புடிச்சுக்கிட்டு வுழுவான். அப்புறம் நம்மூரு நம்பர எவன் நம்புவான்?"

"ஒங்க வூட்டுப் புள்ளையா இருந்தா?"

"அப்பயும் ஒம்பதுதான்."

இதையெல்லாம் அவர் அம்மாவின் காலைப் பார்த்தபடியேதான் சொன்னார். அம்மா நம்பினாள். அவர் தன் சொந்தப் பிள்ளைக்கும் ஒன்பதுதான் கொடுத்திருப்பார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால்தான் அவளால் அதைத் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஓரவஞ்சனை செய்தார் என்றால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

பெரம்பலூரில் ஸ்கேன் எடுத்தோம். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது, பழைய கிழிசல், அதோடு ஒரு வருடமாவது ஆடியிருக்கிறான் என்றார் டாக்டர். ஒரு வருடம் என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. மனதில் ஏறவில்லை. இனி ஆட முடியுமா என்பதையே அம்மா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் கம்பெனிக்குப் போனது சாதிக்தான். வயது முடிந்து வெளியே வருகிறவன் கடைசியாக வாங்கிய பனியனைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஊர் வழக்கம். அப்படி ஒன்பது எங்கள் வீட்டிலேயே தங்கியது. அம்மா அதை ஒரு தடவைகூடத் துவைக்கவில்லை. பரண்மேல் ஒரு பையில் போட்டு முடிந்துவைத்தாள். சாதிக்கின் மாமா லப்பைக்குடிக்காட்டில் வைத்திருந்த செல்போன் கடையில் மணி வேலைக்குச் சேர்ந்தான். மழைக்காலத்தில் காலை இழுத்து நடப்பான். "வுடும்மா, அது முடிஞ்சு போச்சு" என்பதற்கு மேல் அவன் எதுவும் பேசியதில்லை.

அதன் பிறகு செட்டர் எங்கள் வாசல் கம்பத்தில் ஏறி இறங்கினால் எங்களிடம் தண்ணீர் கேட்பதில்லை. நாலு வீடு தள்ளிப் போய்க் கேட்பார். அம்மா அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

வாலிபால் பக்கமே போகாத என் அம்மா அதற்கு அடுத்த காணும் பொங்கலிலிருந்து ஒவ்வொரு வருடமும் மைதானத்துக்குப் போகத் தொடங்கினாள். ஆட்டம் முடிகிற நேரத்துக்குத்தான் போவாள். தண்ணீர்த் தொட்டி ஓரமாக முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். போன வருடத்துத் தப்புகளை அவர் சொல்லி முடித்ததும் திரும்பி வந்துவிடுவாள். எதற்காகப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். மணியை இறக்கியது தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேலை திரும்பி வரப் போவதில்லை, வயது திரும்பப் போவதில்லை. அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. அவர் யார் யார் பெயரையோ சொன்னார். எவனுடைய உயரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டேன், எவன் முன்கோபத்தைக் கவனிக்காமல் விட்டேன் என்று சொன்னார். மணி பெயர் வரவே இல்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "இந்த வருசமும் சொல்லல" என்பாள். அவளுடைய பொங்கல் அதோடு முடிந்துவிடும்.

அவர் ரிட்டையராகிற வருடத்துக் காணும் பொங்கல் அது. நான் பெரம்பலூரில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், லீவுக்கு வந்திருந்தேன். இனிமேல் எண் கொடுப்பதை மணிவேலிடம் விடப் போகிறார் என்று ஊருக்குள் பேச்சு அடிபட்டது. கடையை மூடிவிட்டு வந்து மணி சில வருடங்களாகவே பி டீம் பையன்களோடு நின்று கொண்டிருந்தான். அவனைவிட்டால் அங்கே காலைப் பார்க்கத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை. அம்மாவோடு நானும் தொட்டி ஓரத்தில் போய் நின்றேன்.

அந்த வருடத்துத் தப்புகளை இரண்டு வரியில் முடித்தார். கூடையைத் தூக்கினார். மணி எழுந்து கிட்டே போனான். செட்டர் கூடையைக் கொடுக்கவில்லை. கீழே வைத்துவிட்டார்.

"இத ஒங்கையில குடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்துப் பேசினார். "மணிவேலுக்கு ஒம்பது குடுத்தது தப்பில்ல. அதுக்கு முந்தின வருசம் ஒண்ணு குடுத்தேன் பாருங்க, அதான் தப்பு. அன்னைக்கு மேட்ச்லயே அவன் ஒத்தக் கால்ல எறங்குனான். நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஒண்ணு குடுத்தேன். அது எனக்குக் கடைசி சீசன். நான் தூக்குற பந்த இவன் மாதிரி அடிக்க ஆளில்ல. கோப்ப வேணும்னு ஆசப்பட்டேன். வருசம் பூரா அந்தக் கால வெச்சுக்கிட்டே இவன ஆடவுட்டேன். அப்பயே ஒக்கார வெச்சு வைத்தியம் பாத்திருந்தா இவன் இன்னைக்குக் கம்பெனியில இருப்பான்."

அந்தக் கோடையில் அவர்கள் ஜெயித்துவிட்டு வந்தபோது ஆரத்தி எடுத்தவள் நான்.

அம்மா தொட்டியை விட்டு நகர்ந்து நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"இத்தன வருசமா ஏண்ணே சொல்லல?"

"சொல்லியிருந்தா எங்கையால யாரும் நம்பரு வாங்கியிருக்க மாட்டாங்க தங்கச்சி. வருசா வருசம் சின்னச் சின்னத் தப்பாச் சொல்லிச் சொல்லி, இதையும் சொல்லிட்ட மாதிரியே இருந்துட்டேன்."

மணிதான் பேசினான். குரல் மெதுவாக இருந்தது, ஆனால் எனக்குக் கேட்டது.

"அன்னைக்கு நீங்க எங்காலப் பாத்தத நானும் பாத்தேன் மாமா. வாயத் தொறந்தா ஒண்ணு போயிடுமேன்னு நானும் பேசல."

அவன் குனிந்து கூடையை எடுத்துக்கொண்டான். பையன்கள் பக்கம் திரும்பி, பன்னிரண்டிலிருந்து கொடுக்கத் தொடங்கினான். செட்டர் அங்கே நிற்கவில்லை.

அம்மா இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பரணில் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், பையை அவிழ்த்து ஒன்பதை வெளியே எடுத்து வைத்திருந்தாள். மடிப்பில் கறை ஏறி மஞ்சளாகியிருந்தது. தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, கல்லில் அடித்துத் துவைத்தாள்.

"எதுக்கும்மா இப்ப?" என்றேன்.

"அந்த ஒண்ண எத்தன நாளு தெருப்பக்கமா காயப்போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தேன், பாத்தல்ல. அது அந்த மனுசன் ஆசக்கிக் குடுத்தது. இதுதான்டி புள்ளையப் பாத்துக் குடுத்தது."

கொடியில் தெருப்பக்கம் பார்த்து அதை விரித்தாள். காற்றில் திரும்பிவிடாமல் இருக்க இரண்டு தோளிலும் கிளிப் போட்டாள்.

எங்கள் தெருவில் கரண்ட் கம்பியை உரசுகிற மரக்கிளைகளை வெட்டுகிற வேலை அந்த வாரமே வந்தது. அன்றைக்கும் பனியன் கொடியில்தான் இருந்தது. காய்ந்த பிறகும் அம்மா அதை எடுக்கவில்லை. செட்டர் எங்கள் எதிர்க் கம்பத்தில் ஏறியிருந்தார். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கொடி முழுசாகத் தெரியும். வெகுநேரம் மேலேயே இருந்தார். இறங்கியதும் நாலு வீடு தள்ளிப் போகவில்லை. தெரு நடுவில் நின்று டேப் சுற்றிய விரலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா உடனே எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள். தோலை முறத்தில் தள்ளினாள். அப்புறம் உள்ளே போய்ச் சொம்பை விளக்கி, நிறையத் தண்ணீர் மொண்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.